ஒண்ணேகால் அம்மா அளந்த கை

அந்த ஆஸ்பத்திரியில் காய்ச்சலை அளக்க ஒரு கருவி இருந்தது, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று இருந்தது, மூளைக்குள் எட்டிப் பார்க்க ஓர் அறையையே அடைத்துக்கொண்டு ஒன்று இருந்தது. பக்கவாதம் வந்தவர்களின் கையும் காலும் எவ்வளவு இறுகிக் கிடக்கின்றன என்று அளக்க மட்டும் ஒண்ணேகால் அம்மாவின் இரண்டு கைகள்தான். அந்தக் கைகளுக்கு ஐம்பத்தாறு வயது. கட்டைவிரல் மூட்டு இரண்டும் வீங்கிப் போய், மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்பே சொல்லிவிடும் நிலைக்கு வந்திருந்தன.

வேலை பார்க்க எளிது. நோயாளி கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பார். அம்மா ஒரு கையால் அவர் முழங்கையைத் தாங்கி, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து, மடங்கிக் கிடக்கும் கையை ஒரே நொடியில் நீட்டிப் பார்ப்பார். தடையே இல்லாமல் வந்தால் சுழியம். கடைசியில் லேசாகப் பிடித்து விட்டால் ஒன்று. வழியெல்லாம் முரண்டு பிடித்தால் இரண்டு, மல்லுக்கட்டித்தான் நீட்ட முடியும் என்றால் மூன்று, அசையவே அசையாது என்றால் நான்கு. விரல்களுக்கும் இதே கணக்குதான். இந்த அளவுகோலை உருவாக்கிய புண்ணியவான்கள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் 'ஒன்று கூட்டல்' என்று ஒரு படியைச் செருகியிருந்தார்கள். உலகத்தில் பாதிப் பேருடைய கை அந்த நடுப்படியில்தான் நிற்கிறது என்பது அம்மாவின் கட்சி. அந்தக் கட்டத்தில் அவர் அடிக்கடி குறி போடுவதைப் பார்த்து, கோப்புகளை வைத்திருக்கும் பெண் ஒருநாள் "ஒண்ணேகால் அம்மா" என்று கூப்பிட்டாள். அதோடு அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது.

முப்பது வருஷ சர்வீஸ். அதில் இருபத்தெட்டு வருஷம் வார்டில் பிசியோவாகக் கழிந்தது. படுத்தவர்களை உட்கார வைப்பது, உட்கார்ந்தவர்களை நிற்க வைப்பது, நிற்க மாட்டேன் என்று அழுபவர்களைத் திட்டுவது, திட்டியதற்காக மறுநாள் தாஜா பண்ணுவது. இடுப்பு போனது அங்கேதான். ஒரு நாள் கனமான ஒரு மனிதர் சரிந்து இவர் மேலேயே விழ, இருவரையும் சேர்த்துத் தூக்க நான்கு பேர் வர வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் தன்னுடைய ஆய்வைத் தொடங்கி, அளப்பதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்க கை பொய் சொல்லாதும்மா. நீங்க வாங்க" என்றார்.

அம்மாவுக்குப் புகழ்ச்சியெல்லாம் இரண்டாம் பட்சம். ஆளைத் தூக்க வேண்டியதில்லை என்ற ஒரு வார்த்தைக்காகவே சரி என்று சொல்லிவிட்டார்.

ஆய்வு இதுதான். கை இறுகிப்போன அறுபது பேர். பாதிப் பேருக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள், மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று மருந்தறையில் பூட்டிய பட்டியலுக்குத்தான் தெரியும். ஊசி போடும் டாக்டருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, அளக்கிற அம்மாவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும் என்பது பயம். அதனால் அளக்கும் அறையின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது. ஊசிக்குப் பிறகு என்ன மாற்றம் என்று கேட்கக் கூடாது. உறவினர்களை உள்ளே விடக் கூடாது. தற்செயலாக ஏதாவது தெரிய வந்தால் உடனே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

இருபத்தெட்டு வருஷம் வாயாலேயே வேலை வாங்கிய மனுஷியை வாயைக் கட்டிப் போட்டு உட்கார வைத்தார்கள். பேசுவதற்கு மழையும் பேருந்துக் கூட்டமும்தான் மிச்சம். மழையைப் பற்றி எத்தனை நாள்தான் பேசுவது? வெயில் காலத்திலும் பேசினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வெந்நீரில் கட்டைவிரல்களை முக்கிக்கொண்டு உட்காருவார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான கணவர் டீயை எடுத்துவந்து வைப்பார்.

"இன்னிக்கு எத்தனை கை?"

"ஆறு."

"அதுல ஒண்ணேகால் எத்தனை?"

"உங்க வாய் மட்டும் சுழியம். தடையே கிடையாது" என்பார் அம்மா. ஒரு நாளில் அவர் சிரிப்பது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

ஆய்வு தொடங்கி ஒன்றரை வருஷமாகியும் அறுபது பேர் தேறவில்லை. நாற்பத்தெட்டில் நின்றது. பெரிய டாக்டர் முகம் கருத்துப் போய்த் திரிந்தார். அப்போதுதான் நாற்பத்தொன்பதாவது ஆளாக சலூன்காரர் வந்து சேர்ந்தார்.

ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறி, இழுத்து இழுத்து நடந்தார். இடது கை முழங்கையில் மடங்கி, முட்டி கெட்டியாக மூடியிருந்தது. அந்த மூடிய முட்டிக்குள் ஒரு நீளமான சீப்பு செருகியிருந்தது. கூட வந்த மனைவி ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றுகொண்டார், உறவினர்களுக்குத்தான் உள்ளே இடமில்லையே.

அளக்க வேண்டுமென்றால் கையில் எதுவும் இருக்கக் கூடாது. அம்மா விரல்களைப் பிரித்து, சீப்பை உருவி, மேஜை மேல் வைத்தார். நீட்டிப் பார்த்தார். முழங்கை மூன்று. விரல்கள் அசல் மூன்று, நாலுக்கு ஒரு நூல் கம்மி. பிறகு படிவத்தைப் பார்த்து அங்கே இருந்த கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் கையால தினசரி வேலை ஏதாவது செய்றீங்களா ஐயா?"

"இதுவா? இது எங்கம்மா வேலை செய்யுது! சும்மா தொங்கிக்கிட்டுக் கிடக்கு."

'பயன்பாடு இல்லை' என்ற கட்டத்தில் அம்மா குறி போட்டார். பயன்பாடு உள்ள கைகளை அந்த ஆய்வில் சேர்ப்பதில்லை. ஏதாவது பிடித்துக்கொண்டிருக்கும் கையைத் தளர்த்தினால் இருக்கிற பிடியும் போய்விடலாம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். குறி போட்டு முடித்த அம்மா, மேஜை மேலிருந்த சீப்பை எடுத்து மரியாதையாக அவருடைய வலது கையில் கொடுத்து அனுப்பினார். சலூன்காரர், தொழில் பழக்கம், சீப்பும் கையுமாகத் திரிகிறார் என்று நினைத்துக்கொண்டார். அவ்வளவு அனுபவம் உள்ளவர் அப்படித்தான் நினைத்தார்.

ஊசி போட்டு ஆறு வாரம் கழித்து சலூன்காரர் திரும்ப வந்தபோது கை தொங்கலாக இருந்தது. முட்டி அரைகுறையாக விரிந்து, உள்ளங்கை வெளுப்பாகத் தெரிந்தது. அம்மா நீட்டிப் பார்த்தார். முழங்கை சுகமாக வந்தது. விரல்களும் கடைசியில் ஒரு சின்னப் பிடிப்போடு விரிந்தன. ஒன்று. மூன்றிலிருந்து ஒன்று! இத்தனை நாள் அளந்ததில் இப்படி ஒரு கை அகப்பட்டதே இல்லை. சந்தோஷத்தைக் காட்டக் கூடாது என்பதால் மழையைப் பற்றிப் பேசலாம் என்று பார்த்தார். மழையும் இல்லை. கண்ணில் பட்டதைக் கேட்டார்.

"என்ன ஐயா, இன்னிக்கு சீப்பைக் காணோம்?"

"அது நிக்க மாட்டேங்குதும்மா."

"எது நிக்க மாட்டேங்குது?"

"சீப்புதான். விரல் விரிஞ்சு குடுத்துடுச்சுல்ல, வெச்சா நழுவி விழுந்துடுது. இந்தக் கையில சீப்பைச் செருகிக்கிட்டு, தோளோட தூக்கி முடியை நிமித்துவேன், அந்தக் கை வெட்டும். நாலு வருஷம் அப்படித்தான் ஓட்டுனேன். ஒத்தைக் கத்தரின்னு எனக்குப் பேரே வெச்சிருக்காங்க." சிரித்தார். "இப்ப ஒரு மாசமா கடையில முடி கூட்டிக்கிட்டு இருக்கேன்."

அம்மா அவருடைய மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மொத நாள் நான் கேட்டப்ப இந்தக் கையில வேலை இல்லன்னீங்களே ஐயா."

"கை என்னம்மா வேலை செஞ்சுது? சீப்புதான் வேலை செஞ்சுது. கை சும்மாத்தான் இருந்துச்சு." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "ஐயோ, நான் குறையா சொல்லலம்மா. கை பஞ்சு மாதிரி இருக்கு. நீங்க எல்லாரும் என் ஒரு கைக்காக எவ்வளவு பாடுபடுறீங்க!"

அவர் போன பிறகு அம்மா படிவத்தில் ஒன்று என்று எழுதினார். எழுதியது பொய் இல்லை, கை ஒன்றுதான். மழைக்குப் பதிலாகச் சீப்பைப் பற்றிக் கேட்டதில் எல்லாமே தெரிந்துவிட்டது. இவருக்கு ஏற்றியது உப்புத்தண்ணீர் அல்ல என்பது தெரிந்தது. இவர் இந்த ஆய்வுக்குள் வந்திருக்கவே கூடாதவர் என்பதும் தெரிந்தது. சீப்பு பிடித்திருந்த கையிலிருந்து சீப்பை எடுத்துவிட்டு, கை வெறும் கை என்று குறி போட்டவர் வேறு யாருமில்லை, அம்மாதான்.

தாளில் இருந்தபடி நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. சொன்னால் அளக்கும் வேலை போய்விடும், வார்டுக்குத் திரும்ப வேண்டும். ஆட்களைத் தூக்க அந்த இடுப்பில் தெம்பு இல்லை. பயந்தார், சோர்ந்திருந்தார், வாயை மூடிக்கொண்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று ஐந்து வாரம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெந்நீரில் விரல்களை முக்கியபடி கணவரிடம் கொட்டித் தீர்த்தார். ஆளையும் இடத்தையும் சொல்லாமல், ஒரு கை, ஒரு சீப்பு என்று மட்டும் சொன்னார். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினார்.

"பிரேக் பிடிக்குதான்னு எப்படிப் பாப்பே? ரோட்டுல ஓட்டித்தானே பாக்கணும். நீ வண்டியை ஜாக்கி மேல நிறுத்தி சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டு, ஆகா நல்லா சுத்துதுன்னு எழுதியிருக்கே."

"எனக்குக் குடுத்த வேலையே சக்கரத்தைச் சுத்துறதுதான்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அம்மா விரல்களை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். வெந்நீர் ஆறிப் போயிருந்தது.

பன்னிரண்டாவது வாரம். ஆய்வின் கணக்குப்படி அன்றைக்கு இரண்டாவது ஊசி. முதலில் அம்மா அளக்க வேண்டும், பிறகு அடுத்த அறையில் கோப்புப் பெண் தொந்தரவு ஏதாவது உண்டா என்று கேட்டு எழுத வேண்டும், அப்புறம் டாக்டர் ஊசி போடுவார். சலூன்காரரின் கை லேசாக இறுகத் தொடங்கியிருந்தது. மருந்தின் வேகம் அடங்கி வருகிற நேரம். விரல்கள் ஒண்ணேகால்.

அம்மா எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஐயா, கடையில இப்ப எப்படி?"

சுவரில் இருந்த தாளைச் சலூன்காரரும் படித்திருந்தார். ஒரு முறை அதைப் பார்த்தார், ஒரு முறை அம்மாவைப் பார்த்தார்.

"கடை மச்சினனுதும்மா. நல்ல பையன்தான். எத்தனை நாளைக்கு அவனும் பொறுப்பான்? என் நாற்காலியில வேற ஒரு ஆளை நிக்க வெச்சிருக்கான், தற்காலிகமாத்தான். ரெண்டு மாசத்துக்குள்ள கை வரலன்னா அவருக்கே குடுத்துடுவேன், மனசுல வெச்சுக்காதீங்க மாமான்னு சொல்லிட்டான்."

"இன்னொரு ஊசி போட்டா இன்னும் மூணு மாசத்துக்குக் கை இப்படித்தான் இருக்கும். தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப பக்கத்து ரூம்ல கேப்பாங்கல்ல, அங்க சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா விட்டுடுவாங்க. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

சலூன்காரர் தலையாட்டினார். அம்மாவுக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. முப்பது வருஷமாக நோயாளிகளின் தலையாட்டலைப் பார்த்தவர். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காதை அடுத்த அறையில் வைத்தார்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா ஐயா?" கோப்புப் பெண்ணின் குரல்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு."

"கையில பலம் குறைஞ்ச மாதிரி?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு! அம்மாவுக்கு வந்த கோபத்தில் இடுப்பு வலியே மறந்துபோனது. இந்த மரியாதைக்காரர்கள்தான் எல்லா ஆய்வையும் கெடுப்பவர்கள். டாக்டர் மனம் கோணக் கூடாது என்று பொய் சொல்லி, அந்தப் பொய்யை நாம் அட்டவணையில் ஏற்றி, அச்சடித்து, தேசம் தேசமாக அனுப்பி வைப்போம். கைப்பையிலிருந்து தன் சீப்பை எடுத்துக்கொண்டு நேரே அடுத்த அறைக்குள் நுழைந்தார். அங்கே பெரிய டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார். ஊசி தட்டில் தயாராக இருந்தது. சலூன்காரரின் மனைவி ஓரமாகப் பையோடு நின்றார்.

"நீங்க இங்க வரக் கூடாதும்மா" என்றார் டாக்டர்.

"தெரியும் சார். இவருக்குக் கையில சீப்பு நிக்கல. வேலை போகப் போகுது. உங்ககிட்டச் சொல்ல மாட்டேங்கிறார்."

டாக்டர் சலூன்காரரைப் பார்த்தார். "அப்படியா ஐயா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் அந்த மகானுபாவர்.

அம்மா தன் சீப்பை அவருடைய இடது கைக்குள் செருகினார். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"வாருங்க."

ஐம்பத்தாறு வயசு மனுஷி, நரை பாதியும் சாயம் பாதியுமாகத் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் தயங்கித் தயங்கித் தோளைத் தூக்கினார். முதல் வாரலில் சீப்பு நின்றது. இரண்டாவதில் சீப்பு சரிந்து, அம்மாவின் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. சலூன்காரரின் மனைவி குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் போல நின்றுவிட்டு, மறுபடி பையை அணைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை செருகியபோது முதல் வாரலிலேயே விழுந்தது.

"நாலு வருஷமா நிறுத்துனேன் சார்" என்றார் சலூன்காரர். "நாலு வருஷமா ஒரு தடவைகூட விழல."

டாக்டர் ஊசியைத் தட்டோடு தள்ளி வைத்தார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

"இத்தனை படிச்சவங்க என் கையைச் சுத்தி நிக்கிறீங்க. நல்லா ஆக்கிட்டோம்னு உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். அது எனக்கு உபயோகப்படலன்னு எப்படி சார் சொல்றது?"

அவரை அன்றோடு ஆய்விலிருந்து விடுவித்தார்கள். கை பழையபடி இறுகும்வரை காத்திருக்க வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது என்றார் டாக்டர். அவர்கள் போன பிறகு கோப்புப் பெண்ணையும் வெளியே அனுப்பிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இவர் எந்தப் பக்கம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆறாவது வாரம்."

"ஆறு வாரமா சொல்லல."

"இல்ல சார். பயந்துட்டேன். மொத நாள் குறி போட்டதும் நான்தான். சீப்பை என் கையாலயே உருவி மேஜை மேல வெச்சேன்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கத்தியிருந்தால் அம்மாவுக்குப் பரவாயில்லை. அவர் கத்தவில்லை, அவரும் களைத்துப் போயிருந்தார். ஒன்றரை வருஷமாக ஒரே கையால் அளந்த அளவு, இனி நடுவில் வேறு கை. பழைய எண்களோடு புதிய எண்களை எப்படி ஒப்பிடுவது?

"சீப்பு நிக்குதான்னு கேக்க என் படிவத்துல இடமில்லம்மா" என்றார் கடைசியில். "அது என் தப்பு. ஆனா இனிமே நீங்க அளக்க முடியாது."

"தெரியும் சார்" என்றார் அம்மா. தலைமுடியை முடிந்துகொண்டு வெளியே வந்தார். மறு திங்கள்கிழமை வார்டில் இருந்தார்.

வார்டு மாறவே இல்லை. அதே கட்டில்கள், அதே மூத்திர வாடை, நிற்க மாட்டேன் என்று அதே அழுகை. மாறியது அம்மாவின் இடுப்புதான். ஆளைத் தூக்க ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் வெட்கமாக இருந்தது. வீட்டில் கணவர் எத்தனை கை என்று கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் செய்தது சரிதான் என்று ஒரு நினைப்பு உள்ளே இருந்தது. பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வார். ஒரு மனிதருக்கு அவருடைய நாற்காலி மிஞ்சும் இல்லையா? அந்த நினைப்பு இல்லாவிட்டால் அந்த மாதங்கள் ஓடியிருக்காது.

இரண்டு மாதம் கழித்து சலூன்காரர் வார்டைத் தேடிக்கொண்டு வந்தார். கால் இழுத்தபடி, முகமெல்லாம் பல்லாக. பின்னால் மனைவி.

"இறுகிடுச்சும்மா!" என்று வாசலிலிருந்தே கூவினார். கட்டிலில் கிடந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கை இறுகிப்போனதை இப்படிக் கொண்டாடுகிற ஆளை அந்த வார்டு கண்டதில்லை. "கல்லு மாதிரி இருக்கு, பாருங்க. போன வாரம் நாற்காலிக்குத் திரும்பிட்டேன். மச்சினனே தலையைக் குடுத்து வெட்டிக்கிட்டான்!"

அம்மா பழக்கதோஷத்தில் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். மூன்று. எழுத எங்கேயும் கட்டம் இல்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாயிற்று. சலூன்காரர் பக்கத்துக் கட்டில்காரரிடம் தன் சாகசத்தை முதலிலிருந்து சொல்லப் போனார். மனைவி மட்டும் அம்மாவின் பக்கத்திலேயே நின்றார். இத்தனை நாளில் அந்தப் பெண்மணியின் குரலை அம்மா கேட்டதே இல்லை.

"இப்பதான் உங்களுக்கும் நிம்மதி, இல்லம்மா?" என்று கேட்டார் அம்மா.

"அவருக்கு நிம்மதிம்மா."

சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அம்மா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"தினம் ரெண்டு வேளை அந்த விரலைப் பிரிச்சுக் கழுவணும். கழுவலன்னா நகம் உள்ள குத்திப் புண்ணாகிடும், நாத்தம் எடுக்கும். நான் பிரிக்கிறப்ப அவரு கத்துவாரு, நான் அழுவேன். ஊசி போட்ட அந்த மூணு மாசம் கை தானா விரிஞ்சுது. கழுவ ஒரு நிமிஷம் ஆகல. சட்டை தானா ஏறுச்சு. வலின்னு தூக்கத்துல ஒரு நாளும் கத்தல. அவரு தூங்குனாரு, நானும் தூங்குனேன்." குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் பட்டியல் படிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போனார். "அன்னிக்கு எல்லாரும் அவரைக் கேட்டீங்க. என்னை யாரும் கேக்கல."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அந்தப் பெண்மணி கணவர் இருந்த பக்கம் பார்த்தார். அவர் இல்லாத சீப்பைக் காற்றில் உயர்த்தி முடி வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு ஊசி போடுங்கன்னு சொல்லியிருப்பேன்ம்மா. நாற்காலி போனாப் போகட்டும்னு சொல்லியிருப்பேன். அது வாயில வந்துடக் கூடாதேன்னுதான் சீப்பை எடுத்துக் குடுத்துட்டுப் பேசாம நின்னேன்."

அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்காக என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. கடைசியில் தெரிந்த ஒன்றைத்தான் கேட்டார்.

"விரலை எப்படிப் பிரிக்கிறீங்க?"

"எப்படின்னா? கட்டை விரலைப் பிடிச்சு இழுப்பேன். பலம் பூரா போட்டு இழுத்தாத்தான் வரும்."

அம்மா சலூன்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் மணிக்கட்டை மெல்லக் கீழ்ப்பக்கமாக மடக்கினார். நன்றாக மடக்கி, அப்படியே வைத்துக்கொண்டு, பத்து எண்ணினார். விரல்கள் தாமாகவே சற்றுத் தளர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக, இழுக்காமல், அடியிலிருந்து விரித்தார். சலூன்காரர் கத்தவில்லை. சீப்பு நிற்குமா என்று மட்டும் கவலையாகக் கேட்டார், கையை விட்டதும் முட்டி பழையபடி மூடிக்கொண்டது.

"விரலை இழுக்க இழுக்க அது இன்னும் இறுக்கிக்கும்மா. மொதல்ல மணிக்கட்டு, அப்புறம்தான் விரல். நீங்க பண்ணுங்க."

அந்தப் பெண்மணி பையைக் கீழே வைத்தார். பயந்து பயந்து மணிக்கட்டை மடக்கி, உதட்டுக்குள் பத்து எண்ணி, விரல்களைப் பிரித்தார். வந்தன. உள்ளங்கை முழுசாகத் தெரிந்தது, பழைய நகத் தழும்புகளோடு. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதாம்மா?"

"எங்க வேலையில இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார் அம்மா.

"நாலு வருஷமா இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போறேனேம்மா" என்றார் அவர்.